திருச்சிராப்பள்ளியில் சுவார்ட்ஸ் ஐயர்

காவிரியாறு திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே இரண்டாகப் பிரிந்து, தென்கிளை காவிரியென்றும் வடகிளை கொள்ளிடமென்றும் பெயர் பெற்று ஓடுகின்றது. இரண்டிற்கும் நடுவே திருவரங்கம் தீவாக விளங்குகின்றது. தென்கரையில் மலைக்கோட்டை நிமிர்ந்து நிற்கின்றது. கண்ணுக்கினிய இந்நிலப்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் போர்க்களமாய்க் கிடந்தது. 1751 முதல் மூன்றாண்டுக் காலம் ஆங்கிலக் கும்பினியாரும் பிரெஞ்சுக்காரரும் நவாபு பதவிக்குப் போட்டியிட்டவர்களுக்குத் துணை நின்று இங்கே பொருதனர். திருவரங்கத்து மதில்களுக்குள்ளேயே பிரெஞ்சுப் படை தங்கியிருந்தது. 1752-இல் அங்கேயே அது பணிந்தது. வயல்கள் பாழாயின. குடிகள் சிதறினர். போர் ஓய்ந்த பின்னரும் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் ஆங்கிலப் படையொன்று நிலையாக இருந்துவந்தது. ஊரும் பாளையமும் ஒன்றோடொன்று கலந்து, பல மொழிகள் வழங்கும் இடமாகத் திருச்சிராப்பள்ளி மாறியிருந்தது.

1762-ஆம் ஆண்டில் கிழக்கேயிருந்து காவிரிக் கரை வழியாக ஐரோப்பியர் ஒருவர் நடந்து வந்து இவ்வூரை அடைந்தார். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அவருடன் தமிழர் சிலர் வந்தனர். பல்லக்கு இல்லை, குதிரை இல்லை, காவலர் இல்லை. அவர் தமிழில் பேசினார். அவரே கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ். அக்காலத் தமிழ்மக்கள் கிறிஸ்தவ குருமாரை ஐயர் என்று அழைத்தனர் ஆதலின், அவரையும் சுவார்ட்ஸ் ஐயர் என்றே வழங்கினர்.

அவர் பிறந்தது 1726-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில். பிரஷிய நாட்டைச் சேர்ந்த பிராந்தன்பர்க்குப் பகுதியில் சோனன்பர்க்கு என்னும் சிற்றூர் அவருடைய ஊர். இன்று அது போலந்து நாட்டில் உள்ளது. அவர் குழந்தையாயிருக்கும்போதே தாய் இறந்தார். இறக்கும் தறுவாயில் அம்மையார் தம் மகனை இறைபணிக்கென்று ஒப்படைத்துச் சென்றார் என்பர். வளர்ந்து கல்வி பயின்ற அவர் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கேதான் தமிழ் அவரைத் தேடி வந்தது. தரங்கம்பாடியிலும் சென்னையிலும் பணியாற்றித் திரும்பிய சூல்ட்ஸ் என்னும் முதியவர் தமிழ் வேதநூலை ஹாலேயில் அச்சிட எண்ணி, அதற்குத் துணைசெய்யத் தக்க மாணாக்கரைத் தேடினார். சுவார்ட்ஸ் தமிழ் எழுத்துகளைக் கற்கத் தொடங்கினார். அச்சு வேலை நடைபெறவில்லை. கற்ற எழுத்து மட்டும் அவரை விடவில்லை. 1750-ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டனில் கப்பலேறி ஜூலையில் தரங்கம்பாடியை அடைந்தார். நான்கு திங்கள் கழிவதற்குள் தமிழில் தம் முதற் சொற்பொழிவை நிகழ்த்தினார்.

தரங்கம்பாடி அப்போது தேனிய மன்னருக்குரிய துறைமுகம். சீகன்பால்கு ஐயர் 1706-இல் அங்கு வந்து, பின்னர் அச்சுக்கூடம் அமைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட வரலாறு பலரும் அறிந்ததே. அவர் வழியில் வந்தவர்களோடு பன்னிரண்டு ஆண்டுகள் பழகித் தொழில் கற்றுக்கொண்ட பிறகே சுவார்ட்ஸ் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். வந்தவர் சில நாளில் திரும்பிவிடுவதாகவே எண்ணியிருத்தல் கூடும். ஆனால் இவ்வூர் அவரைப் பதினாறு ஆண்டுகள் தன்னிடமே நிறுத்திக்கொண்டது.

அவர் இங்கு வாழ்ந்த முறையைச் சற்றுக் கூர்ந்து காண்போம். அந்நாளில் கும்பினியின் ஐரோப்பியர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பது நமக்குத் தெரியும். தோட்டம் சூழ்ந்த மாளிகையும் பணியாளர் கூட்டமும் பல்லக்கும் அவர்களுக்கு இன்றியமையாதன. சாதாரண எழுத்தராய் வந்தவரும் சில ஆண்டுகளில் செல்வராய்க் கப்பலேறித் தம் நாடு சேர்ந்தனர். சுவார்ட்ஸ் ஐயர் குடியிருந்ததோ இந்நாட்டார் கட்டிய பழைய கட்டடமொன்றின் ஓர் அறை. அதில் அவரும் அவர் கட்டிலும் தங்குவதற்கே இடம் இருந்தது. சற்று உயரமானவர் உள்ளே நிமிர்ந்து நிற்க இயலாது. உணவு சோறும் காய்கறியும். அதனை உள்ளூரார் சமைப்பதுபோலவே சமைத்துப் பித்தளைத் தட்டில் இடுவர். அவ்வளவில் அவர் மகிழ்ச்சியோடு உண்டு எழுவார். குருமாருக்குரிய கறுப்பு உடைக்குச் சீமைத் துணி வாங்க அவரிடம் பொருள் இல்லை. முரட்டுப் பருத்தித் துணியை வாங்கிக் கறுப்புச் சாயம் தோய்த்து அணிந்துகொண்டார். அவருக்குக் கிடைத்த ஊதியம் மாதம் பத்து வராகன். ஆங்கில நாணயத்தில் கணக்கிட்டால் ஆண்டுக்கு 48 பவுன். இவற்றையெல்லாம் அவரோடு பழகிய ஆங்கில நண்பர் ஒருவர் வியப்போடு எழுதி வைத்துள்ளார்.

எளிமை என்பது சிலருக்கு ஒரு வேடம். பிறர் காணும்போது எளியராயும், காணாதபோது வேறாயும் இருப்பாருண்டு. சுவார்ட்ஸ் ஐயரிடம் அந்த வேறுபாட்டை யாரும் கண்டதில்லை. பின்னர் 1767-இல் இலண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் அவரைத் தம் பணியாளராக ஏற்றனர். கும்பினியாரும் படையினருக்குரிய குருவாக அவரை அமர்த்தி ஆண்டுக்கு 100 பவுன் வழங்கத் தொடங்கினர். வருவாய் உயர்ந்ததும் அவருடைய தட்டில் சோற்றைத் தவிர வேறெதுவும் மிகுதியாக வந்துவிடவில்லை. புதிய வருவாயில் பாதி பள்ளிக்கும் ஏழைகளுக்கும் சென்றது.

அவருடைய நாள் விடியலில் தொடங்கும். உபதேசியார் என்னும் தமிழ்த் துணைவர்கள் அவர் வீட்டில் வந்து கூடுவர். அனைவரும் சேர்ந்து இறைவனை வழிபட்டபின், இன்னார் இன்ன ஊருக்குச் செல்வது, இன்னாரைக் காண்பது, இன்ன நோயாளியைப் பார்ப்பது என்று அன்றைய வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பார். ஒருவர் உறையூர்ப் பக்கம் செல்வார். ஒருவர் ஆற்றைக் கடப்பார். ஒருவர் பாளையத்துச் சிப்பாய்களின் குடியிருப்புகளுக்குப் போவார். அவர்கள் புறப்பட்டபின் ஐயரும் நடப்பார். சந்தை கூடும் இடம், சத்திரத்துத் திண்ணை, மரநிழல், ஆற்றங்கரை, திருவரங்கத்து வீதி என எங்கெல்லாம் மக்கள் அமர்ந்திருப்பரோ அங்கெல்லாம் அவரும் சென்று பேச்சில் கலந்துகொள்வார். நண்பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். மாலையில் உபதேசியார்கள் திரும்பி வந்து, தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் அவரிடம் சொல்வர். எங்கே கடுமையாகப் பேசிவிட்டனர், எங்கே தக்க விடை கூற மாட்டாமல் நின்றனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் கேட்டு, திருத்தவேண்டியதைத் திருத்துவார். மீண்டும் வழிபாடு. அதன்பின் நாட்குறிப்பு எழுதுதல். அவருடைய நாட்குறிப்புகளும் கடிதங்களும் ஹாலே நகருக்கும் இலண்டனுக்கும் சென்று அச்சேறின. அக்காலத் திருச்சிராப்பள்ளியையும் தஞ்சையையும் பற்றி நாம் அறிவன பல அத்தாள்களிலிருந்து கிடைத்தவையே.

மொழிகளைக் கற்பதில் அவருக்கிருந்த ஆர்வம் பெரிது. தமிழரோடு பேசத் தமிழ் போதும். ஆனால் நவாபு முகம்மதலியின் அரண்மனை திருச்சிராப்பள்ளியில் இருந்தது. அங்கே வழங்கியது பாரசீகம். ஊரிலிருந்த இசுலாமியர் பலர் இந்துஸ்தானி பேசினர். தஞ்சை அரண்மனையில் மராத்தி வழங்கியது. படைவீரர் வீடுகளில் சிலவற்றில் போர்த்துக்கீசியம் கேட்கும். ஐயர் இவையனைத்தையும் கற்றார். ஆங்கிலமும் அவருக்குத் தாய்மொழி அன்று என்பதை நாம் மறந்துவிடலாகாது. பாளையத்து வீரர்களுக்குக் குரு இல்லாமையைக் கண்டு, அவர்களுக்காகவே அதில் தேர்ச்சி பெற்றார். தொடக்கத்தில் தாமாக ஆங்கிலத்தில் பேசத் துணிவின்றி, ஆங்கில அறிஞர் எழுதிய சொற்பொழிவுகளை வாசித்துக் காட்டி வந்தார். இந்நாட்டுச் சமய நூல்களையும் அவர் தமிழில் படித்தறிந்தார். மறுப்பதற்காகவே படித்தார் எனினும், படியாமல் மறுப்பவரினும் அவர் மேலானவரல்லரோ? அதனால்தான் அவரோடு வாதிட்டவர்களும் அவரைப் பகைக்கவில்லை.

அவர் வந்த தொடக்க ஆண்டுகளில் கோட்டையின் வெடிமருந்துச் சாலை தீப்பற்றி வெடித்தது. படைவீரர் பலர் மாண்டனர். அவர்களுடைய பிள்ளைகள் அநாதைகளாயினர். தாயும் தந்தையும் இழந்து பாளையத்துத் தெருக்களில் அலைந்த சிறுவரை ஐயர் ஒன்றுசேர்த்துப் பள்ளியொன்று தொடங்கினார். இன்று திருச்சிராப்பள்ளியில் ஹீபர் என்னும் பேராயர் பெயரால் விளங்கும் கல்வி நிலையங்கள் தம் தொடக்கத்தை இப்பள்ளியிலிருந்தே கணக்கிடுகின்றன. அந்த ஹீபரோ சுவார்ட்ஸ் இறந்த பிறகு வந்தவர். 1826-இல் திருச்சிராப்பள்ளியில் நீராடும்போது உயிர்துறந்தவர். தொடங்கியவர் பெயர் ஒருவாறு மறைய, பின்வந்தவர் பெயர் நிலைத்தது. சுவார்ட்ஸ் ஐயர் அதற்காக வருந்தியிருக்க மாட்டார்.

1764-இல் மதுரைக் கோட்டையை யூசுப்கானிடமிருந்து மீட்கக் கும்பினிப் படையும் நவாபின் படையும் முற்றுகையிட்டிருந்தன. காயம்பட்டும் நோயுற்றும் வீரர்கள் கூட்டங்கூட்டமாய் விழுந்தனர். அவர்களைப் பேணுவதற்காக ஐயர் மதுரைக்குச் சென்றார். புண்ணைத் துடைத்தும், இறப்போர் அருகிலமர்ந்து ஆறுதல் கூறியும் பணியாற்றினார். அதனைக் கண்டு மகிழ்ந்த நவாபு அவருக்குப் பொருள் அளித்தார். அப்பொருள் திருச்சிராப்பள்ளி அநாதைப் பள்ளிக்குச் சேர்ந்தது.

படைவீரர்கள் தம் ஊதியத்திலிருந்து கொடுத்த பணத்தையும் அதிகாரிகள் அளித்த உதவியையும் கொண்டு கோட்டைக்குள் தெப்பக்குளத்தின் அருகே ஆலயமொன்று எழுந்தது. 1766-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் அது வழிபாட்டிற்குத் திறக்கப்பெற்றது. கிறிஸ்து ஆலயம் என்னும் அக்கட்டடம் இன்றும் உள்ளது. மலைக்கோட்டைக்குச் செல்வோர் கடைத்தெருவின் நெருக்கடியில் அதனைக் காணாமலே கடந்து போவதுண்டு.

தஞ்சை மன்னர் துளசாசி ஐயரைப் பற்றிக் கேள்வியுற்று 1769-இல் அவரை அழைத்துப் பேசினார். மன்னர் கிறிஸ்தவரானாரல்லர், இறுதிவரை தம் சமயத்திலேயே நின்றார். எனினும் அவர்களிடையே தோன்றிய நட்பு வளர்ந்தது. 1773-இல் நவாபு கும்பினியாரின் துணைகொண்டு தஞ்சையைக் கைப்பற்றி மன்னரைச் சிறைவைத்தபோதும், 1776-இல் ஆட்சி மீண்டும் அவரிடம் வந்தபோதும் ஐயர் மாறாத நண்பராகவே இருந்தார். 1778-இல் திருச்சிராப்பள்ளிப் பணியைப் போலே என்னும் தம் துணைவரிடம் ஒப்புவித்துத் தஞ்சையில் குடியேறினார்.

இதன்பின் அவர் வாழ்வு அரசியல் சுழலுக்குள் சென்றது. 1779-இல் சென்னைக் கவர்னர் அவரை அழைத்து, மைசூரை ஆண்ட ஐதரலியிடம் இரகசியமாய்த் தூது சென்று வருமாறு கேட்டுக்கொண்டார். தூது என்பது குருவின் தொழிலன்று என்று ஐயர் முதலில் தயங்கினார். போர் மூளாமல் தடுக்கக் கூடுமாயின் தம் தயக்கத்தைப் பாராட்டுவது தகாது என்று எண்ணிப் பின்னர் உடன்பட்டார். திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் வழியாக மலைக்கணவாய் ஏறிச் சீரங்கப்பட்டணம் சேர்ந்தார். காவிரியின் ஒரு தீவிலிருந்து புறப்பட்டு அதே ஆற்றின் மற்றொரு தீவுக்கு அவர் சென்றார் எனலாம். இரண்டிலும் அரங்கநாதர் கோயில் கொண்டுள்ளார்.

ஐதரலி எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் ஒரே சமயத்தில் பலருடைய கடிதங்களைக் கேட்டு ஒவ்வொருவருக்கும் விடை சொல்லி எழுதுவிக்கும் ஆற்றலை ஐயர் நேரிற் கண்டு வியந்தார். தவறு செய்த அதிகாரி எவராயினும் சாட்டையடி தப்பாது என்பதையும் கண்டு குறித்து வைத்தார். ஐதரலி அவரை மதித்து அருகே அமரச் செய்து பேசினார். ஆங்கிலேயர் அனுப்பும் மற்றவர்களைக் காட்டிலும் இவர் சொல்லை நம்பலாம் என்று அவர் கருதினார். ஆனால் ஐயர் சுமந்து சென்ற இன்சொல்லுக்கும் அவரை அனுப்பியவர்களின் செயலுக்கும் பொருத்தம் இல்லை. ஐதரலியின் விருப்பத்திற்கு மாறாக மாஹி துறைமுகத்தைக் கும்பினியார் அவ்வாண்டிலேயே கைப்பற்றியிருந்தனர். உண்மையாளர் ஒருவரை முன்னிறுத்திக் காலம் கடத்த எண்ணினர் போலும் என்று நினைக்க இடமுண்டு. தூது பயனற்றுப் போயிற்று. விடைபெறும்போது ஐதரலி வழிச்செலவுக்கென 300 ரூபாய் கொடுத்தார். செலவைக் கும்பினியார் முன்பே தந்துவிட்டமையால் அத்தொகை தமக்குரியதன்று என்று கருதிய ஐயர் அதனைச் சென்னை அரசினரிடம் ஒப்படைக்க முயன்றார். அவர்கள் அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னபோது, தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதனை முதலாக வைத்தார்.

மறு ஆண்டில் ஐதரலியின் பெரும்படை கணவாய்களைக் கடந்து கருநாடகத்துட் பாய்ந்தது. ஊர்கள் எரிந்தன, கால்நடைகள் கொள்ளை போயின, ஏரிக்கரைகள் உடைக்கப்பட்டன. மக்கள் மதில்களை நாடித் தஞ்சைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் ஓடிவந்தனர். அவ்வளவு பேருக்குச் சோறு எங்கே? தெருக்களில் பசியால் மாண்டவர் உடல்கள் நாள்தோறும் கிடந்தன. விலை மலிவாயிருந்த காலத்தில் ஐயர் அரிசி வாங்கிச் சேர்த்திருந்தார். அது பலருடைய உயிரைக் காத்தது. ஆனால் ஒருவர் சேர்த்த அரிசி ஓர் ஊரைக் காக்கப் போதுமா?

தஞ்சைக் கோட்டைக்குள் களஞ்சியம் வெறுமையாயிற்று. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதனை ஏற்றிவர மாடுகள் இல்லை. மாடு வைத்திருந்த குடியானவர்கள் அரசனின் ஆட்களைக் கண்டாலே ஓடி ஒளிந்தனர். முன்பு பலமுறை மாட்டையும் நெல்லையும் கொடுத்து விலை பெறாமல் ஏமாந்தவர்கள் அவர்கள். மன்னர் ஆணையிட்டார், பயனில்லை. அமைச்சர் வாக்களித்தார், எவரும் நம்பவில்லை. இறுதியில் மன்னர் சுவார்ட்ஸ் ஐயரை வேண்டினார். அவர், மாட்டுக்கும் நெல்லுக்கும் உரிய பணத்தைத் தம் கையாலேயே கொடுப்பதாகக் கிராமங்களுக்குச் சொல்லியனுப்பினார். இரண்டு மூன்று நாட்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. வந்தவர் ஒவ்வொருவருக்கும் சொன்னபடியே பணத்தை எண்ணிக் கொடுத்தார். மாதம் பத்து வராகன் ஊதியத்தில் பித்தளைத் தட்டில் சோறு உண்ட ஒருவருடைய சொல், அரசாங்கத்தின் முத்திரையிட்ட ஓலை செல்லாத இடத்தில் செல்லுபடியாயிற்று.

எதிரியிடத்திலும் அச்சொல்லுக்கு மதிப்பிருந்தது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சுவார்ட்ஸ் ஐயர் எங்குச் சென்றாலும் தடுக்கலாகாது என்று ஐதரலி தம் படைத்தலைவர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். அதனால் பகைவர் பாசறைகளினூடே அவர் தடையின்றிச் சென்று வந்தார். போர் ஓய்ந்த பிறகு வரிக்கொடுமைக்கு அஞ்சிப் பல்லாயிரம் குடிகள் தஞ்சை நாட்டை விட்டகன்றனர். பயிரிடும் பருவம் வந்தும் வயல்கள் தரிசாய்க் கிடந்தன. நீதி செய்யப்படும் என்று ஐயர் உறுதி கூறியதை நம்பி 7,000 பேர் திரும்பி வந்தனர். காலங் கடந்துவிட்டதே என்று அவர் கவலையுற்றபோது, இரவும் பகலும் உழைத்துப் பயிரேற்றுவதாக அவர்கள் கூறி, அவ்வாறே செய்தனர்.

இக்காலத்தில்தான் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றின. தஞ்சையில் கும்பினியின் பிரதிநிதியாயிருந்த சலிவன் என்பவர் திட்டமிட, ஐயர் முன்னின்று அதனை நடத்தினார். அப்பள்ளிகளில் பயில வரும் பிள்ளைகளை வஞ்சகமாய்ச் சமயம் மாற்ற முயலுவதில்லை என்று அவர் உறுதி அளித்திருந்தார். திருநெல்வேலியிலிருந்து வேதநாயகம் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனையும் அவர் தஞ்சைக்கு அழைத்து வந்து வளர்த்தார். அச்சிறுவனே பின்னாளில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளால் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார்.

இத்தகைய பெரியவரிடத்தும் குறை இல்லாமலில்லை. அவருடைய ஆலயத்தில் உயர்ந்த சாதியார் எனப்பட்டோர் ஒருபுறமும் தாழ்த்தப்பட்டோர் மறுபுறமும் தனித்தனியே அமர்ந்தனர். காலப்போக்கில் அது தானே மறையும் என்று எண்ணி அவர் பொறுத்துக்கொண்டார். அது தானே மறையவில்லை. 1833-இல் பேராயர் வில்சன் அவ்வழக்கத்தை ஒழிக்க ஆணையிட்டபோது தஞ்சைச் சபையில் பெரும் பூசல் விளைந்தது.

மற்றொரு தவறு அவருடைய மனத்தையே நெடுநாள் வருத்தியது. 1787-இல் துளசாசி மன்னர் நோயுற்றுக் கிடந்தார். மக்கள் இறந்துபோனமையால் சரபோசி என்னும் பத்து வயதுச் சிறுவனைத் தத்தெடுத்து, அவனுக்குக் காப்பாளராக இருக்குமாறு ஐயரை வேண்டினார். நாட்டை ஆளும் பொறுப்பைக் குரு ஏற்பது தகாது என்று ஐயர் மறுத்தார். அதுவரை சரியே. ஆனால் மன்னருடைய தம்பியாகிய அமர்சிங்கிடம் சிறுவனை ஒப்புவிக்கலாம் என்று அவர் யோசனை கூறினார். மன்னரும் ஏற்று, சில நாளில் இறந்தார். அதன்பின் பண்டிதர் சிலர் கூடித் தத்தெடுத்தது சாத்திரப்படி செல்லாது என்றனர். கும்பினியார் அதனை ஒப்பி அமர்சிங்கையே அரியணையேற்றினர். பண்டிதர் வாயில் பேசியது சாத்திரமன்று, பணம் என்பது பின்னரே வெளியாயிற்று.

சரபோசியின் நிலை இரங்கத்தக்கதாயிற்று. காற்றும் ஒளியும் புகாத அறையில் அவர் அடைக்கப்பட்டார், கற்பிப்பாரும் இல்லை. தாம் கூறிய யோசனையே குழந்தையைச் சிறைக்குள் தள்ளிவிட்டது என்பதை ஐயர் உணர்ந்தார். உணர்ந்தவர் வாளாவிருக்கவில்லை. சென்னைக்குக் கடிதம் பல எழுதினார். அரண்மனைக்குள் சென்று சிறுவனைக் கண்டார். காவலை மாற்றச் செய்தார். கல்விக்கு ஏற்பாடு செய்தார். தஞ்சையில் சிறுவனுக்கு இனிப் பாதுகாப்பில்லை என்று கண்டு, 1793-இல் சரபோசியையும் துளசாசியின் தேவியரையும் தாமே உடன் சென்று சென்னையில் சேர்த்தார். அங்கே கெரிக்கே என்னும் குருவானவர் சரபோசிக்குக் கல்வி கற்பித்தார். தத்துச் செல்லுமா என்பதை மீண்டும் ஆராய வேண்டும் என்று கும்பினியாரை ஐயர் விடாது வற்புறுத்தினார். முன்பு தாம் கொண்ட கருத்துத் தவறு என்பதை அரசினருக்கு எழுத்தில் ஒப்புக்கொள்ள எழுபதை நெருங்கிய அம்முதியவர் நாணவில்லை.

1797-ஆம் ஆண்டு இறுதியில் அவருடைய காலில் நோய் கண்டது. நாற்பத்தெட்டு ஆண்டுகள் தமிழ்நாட்டில் நடந்த கால் அது. அவர் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை, மணம் செய்துகொள்ளவும் இல்லை. 1798-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 13-ஆம் நாள், தாம் மகன்போல் வளர்த்த கோலாப் ஐயர் முதலியோர் சூழ்ந்திருக்க, அவர் உயிர் நீத்தார். தம்மிடமிருந்த பொருளனைத்தையும் பள்ளிகளுக்கும் சபைக்கும் எழுதி வைத்திருந்தார். அடக்கம் செய்யுமுன் ஐயர் முகத்தைக் காணவேண்டும் என்று சரபோசி சொல்லியனுப்பினார். அவர் வரும்வரை காத்திருந்தனர். இந்து அரச குடும்பத்தார் இத்தகைய சடங்குகளில் கலந்துகொள்ளும் வழக்கமில்லை. சரபோசி வந்தார், கண்ணீர் விட்டு அழுதார், உடலின்மீது பொன்னாடை போர்த்தினார், கல்லறை வரையில் உடன் நடந்தார்.

நான்கு திங்கள் கழிந்து, ஜூன் மாத இறுதியில் அமர்சிங் நீக்கப்பட்டுச் சரபோசி அரியணை ஏறினார். அதனைக் காண ஐயர் இல்லை. அடுத்த ஆண்டே கும்பினியார் நாட்டாட்சியைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டு, மன்னருக்குக் கோட்டையை மட்டும் விட்டுவைத்தனர் என்பதையும் அவர் காணவில்லை. ஆளும் பொறுப்பை இழந்த மன்னர் நூல்களைச் சேர்த்தார். சரசுவதி மகால் நூலகம் அவரால் சிறந்தது. இறுதிவரை அவரும் தம் முன்னோர் சமயத்திலேயே இருந்தார்.

இலண்டனில் பிளாக்ஸ்மன் என்னும் பெயர்பெற்ற சிற்பியைக் கொண்டு சரபோசி மன்னர் பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்தார். அது தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்தருகேயுள்ள ஆலயச் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. முதியவர் ஒருவர் படுக்கையில் கிடக்கின்றார். அருகே கெரிக்கே ஐயர் நிற்கின்றார். பள்ளிப் பிள்ளைகள் சூழ்ந்துள்ளனர். மன்னர் குனிந்து, படுத்திருப்பவருடைய கையைப் பற்றிக்கொண்டிருக்கின்றார். ஐயரின் கல்லறைக் கல்லிலுள்ள ஆங்கிலக் கவிதையும் மன்னரே இயற்றியது.